சூரியனார் கோயிலில் ஒரு ஞாயிறு

கும்பகோணம் பக்கம் நவக்கிரகத் தலங்களுக்கு வருகிறவர்கள் ஒன்பதையும் ஒரே நாளில் முடிக்கத்தான் பார்ப்பார்கள். அந்த ஓட்டம் வேண்டாம் என்று நானும் அத்தையும் ஆடுதுறை அருகே சூரியனார் கோயிலுக்கு மட்டும் போனோம்.

வழக்கப்படி முதலில் திருமங்கலக்குடி பிராணநாதேசுவரர். காலவ முனிவரைத் தொழுநோயிலிருந்து காக்கப் போய், அந்த நோயையே சாபமாக வாங்கிக்கொண்ட நவக்கிரகங்கள், எருக்க இலையில் தயிர்சாதம் உண்டு தவமிருந்து மீண்டன என்கிறது தலபுராணம். நம்மை ஆட்டிவைப்பவர்களையும் ஒருவர் ஆட்டிவைத்திருக்கிறார் என்பதில் எனக்குச் சின்ன ஆறுதல்.

சூரியனார் கோயில் முதலாம் குலோத்துங்கன் காலத்தது. கோள் தீர்த்த விநாயகரைக் கும்பிட்டு உள்ளே போனோம். இரு கைகளிலும் தாமரை ஏந்திய சூரியன், உஷாதேவி, சாயாதேவியோடு. “பேர், நட்சத்திரம் சொல்லுங்கோ” என்றார் குருக்கள். அத்தை பேரன் வரைக்கும் ஒரே மூச்சில் ஒப்பித்தார்.

நேர் எதிரே குரு; மற்ற ஏழு பேருக்கும் சுற்றிலும் தனித்தனிச் சந்நிதி. சிவன் கோயில்களில் ஒரே மேடையில் ஆளுக்கொரு திசை பார்த்து நிற்பவர்கள்தான். இங்கே நடுநாயகம் சூரியன். வலம் வரும்போது வானமே நினைவுக்கு வந்தது. வியாழன் சூரியனைச் சுற்ற ஏறக்குறைய 12 ஆண்டு. அதனால்தான் வருஷத்துக்கொரு குருப்பெயர்ச்சி. சனிக்கு 29½ ஆண்டு. ராசிக்கு இரண்டரை, மூன்று ராசிக்கு ஏழரை. நாம் பயப்படும் கணக்கெல்லாம் அந்த மந்த நடைதான்.

ராகு, கேதுவுக்கு உடலே கிடையாது. சூரியன் போவதாகத் தெரியும் பாதையைச் சந்திரனின் பாதை வெட்டும் இரண்டு புள்ளிகள் அவை. அமாவாசையோ பௌர்ணமியோ அந்த இடத்தருகே அமைந்தால் கிரகணம். 1781-இல் கண்டுபிடித்த யுரேனஸுக்கும் 1846-இல் வந்த நெப்டியூனுக்கும் இங்கே சந்நிதி இல்லை. வெறும் புள்ளிகளுக்கு இருக்கிறது. பட்டப்பகலை இருட்டாக்கும் புள்ளியைக் கும்பிடாமல் எப்படி இருப்பது?

சனி சந்நிதியில் அத்தை மெல்லக் கேட்டார்: “2023-ல ஜனவரியில ஒரு பெயர்ச்சி சொன்னா, டிசம்பர்ல ஒண்ணு சொன்னா. எதுடா சரி?”

இன்றைய வானியல் கணக்கில் போடும் திருக்கணிதப் பஞ்சாங்கப்படி ஜனவரி 17, பழைய சூத்திரங்களை வைத்துப் போடும் வாக்கியப் பஞ்சாங்கப்படி டிசம்பர் 20, சனிக்குரிய தலமான திருநள்ளாற்றில் வாக்கியம்தான். வானத்தில் பார்த்தால் திருக்கணிதம்தான் ஒத்துவரும் என்றேன்.

“ரெண்டுக்கும் எள்தீபம் போட்டாச்சு, விடு” என்று அடுத்த சந்நிதிக்கு நகர்ந்துவிட்டார்.