தடம் பார்க்கும் வேலை

தை பிறந்துவிட்டால் புதுச்சேரிக் கரையில் வீராம்பட்டினம் தொடங்கி நரம்பை, மூர்த்திக்குப்பம் வழியாகத் தென்பெண்ணை முகத்துவாரம் வரைக்கும், அதைத் தாண்டித் தாழங்குடா, தேவனாம்பட்டினம் பக்கமும் இரவில் நடக்க ஆள் வேண்டும். பங்குனி ஆமை என்று கரையோரத்தில் சொல்லப்படும் ஆலிவ் ரிட்லி கடலாமை ஏறிவந்து முட்டையிடும் பருவம் அது. குஞ்சுகளை வாளியில் கொண்டுபோய்க் கடலில் விடுவதுதான் இந்த வேலை என்று வெளியில் பலர் நினைக்கிறார்கள். படம் எடுக்க அதுதான் வசதி. ஆனால் வேலையில் முக்கால் பங்கு தடம் பார்ப்பது.

டார்ச்சை அணைத்துவிட்டு ஈர மணல் ஓரமாகவே நடக்க வேண்டும். கண் பழகிவிட்டால் நட்சத்திர வெளிச்சமே போதும். பங்குனி ஆமையின் தடம் முக்கால் மீட்டர் அகலம் இருக்கும். இடது துடுப்பும் வலது துடுப்பும் மாறி மாறிப் பதிந்திருக்கும். மணல் எந்தப் பக்கம் தள்ளப்பட்டிருக்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் ஆமை போயிருக்கிறது என்று அர்த்தம். ஏறிய தடம் மட்டும் இருந்தால் ஆமை இன்னும் மேலேதான் இருக்கிறது. அப்படியே உட்கார்ந்துவிட வேண்டும். முட்டை விழ ஆரம்பிக்கும் முன்னால் கிட்டே போனால் குழியைப் பாதியில் விட்டுவிட்டு இறங்கிவிடும். முழுசாக முடித்துப் போக ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். கடைசியில் உடம்பை இடமும் வலமும் ஆட்டி மணலைத் தட்டி மூடும். அந்தத் தட்டல் சத்தம் பக்கத்தில் இருந்தால் நன்றாகவே கேட்கும்.

கூட்டைத் தேடக் கம்பி குத்துகிற பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. கம்பி பொசுக்கென்று இறங்கினால் அங்கே முட்டை என்று கணக்கு. அப்படி ஒரு முட்டை உடைந்தால் எறும்பும் பூஞ்சையும் வந்து பக்கத்து முட்டைகளையும் கெடுத்துவிடும். கையால் தோண்டுவதே சரி. இளகிய மணல் விரலுக்குத் தெரியும்.

எடுத்த முட்டைக்கு நேரம்தான் உயிர். இட்டு இரண்டு மணி நேரத்துக்குள் பொரிப்பகத்துக் குழிக்கு, அதாவது முட்டைகளைக் காவலோடு புதைத்துப் பொரிக்க வைக்கும் இடத்துக்கு, போய்விட்டால் நல்லது. ஆறு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. அதற்குள் உள்ளே கரு மேல் ஓட்டோடு ஒட்ட ஆரம்பித்துவிடும். அதன்பின் முட்டையைப் புரட்டினாலோ குலுக்கினாலோ கரு அறுந்துபோகும். வெளியே ஒன்றும் தெரியாது, ஐம்பது நாள் கழித்துத் தோண்டும்போதுதான் தெரியும். விடியற்காலையில் கண்டெடுத்த கூட்டை வண்டியில் வைத்து மேடுபள்ளத்தில் ஓட்டிக்கொண்டு வருவது இதனால்தான் ஆபத்து. நேரம் கடந்த கூட்டை அதே இடத்தில் விட்டு, வெளியே தெரியாதபடி மணலுக்குள் கம்பிவலை போட்டுக் காப்பதே மேல்.

பொரிப்பகத்துக் குழி ஒரு முழ ஆழம், அதாவது 45 சென்டிமீட்டர். கழுத்து குறுகி அடி அகன்று, குடுவை மாதிரி இருக்க வேண்டும். நேராகத் தோண்டிய குழியில் நூறு முட்டை அடுக்கினால் மேல் முட்டைகள் வெயிலுக்குக் கிட்டத்தில் வந்துவிடும். அசல் கூட்டிலிருந்து எடுத்த ஈர மணலில் ஒரு கை முட்டைகளுக்கு மேல் போட்டு மூடலாம். குழிக்குக் குழி ஒரு மீட்டர் இடைவெளி வேண்டும். நெருக்கினால் ஒன்றின் சூடும் அழுகலும் மற்றதற்குப் போகும். போன வருஷம் பொரித்த அதே மணலில் இந்த வருஷமும் புதைக்கக் கூடாது.

சூடு பற்றி இன்னும் சொல்ல வேண்டும். ஆணா பெண்ணா என்பதை முடிவு செய்வதே மணலின் சூடுதான். 29, 30 டிகிரியை ஒட்டி இரண்டும் கலந்து பிறக்கும். அதற்கு மேலே போகப் போகப் பெண் கூடும். 34-ஐத் தாண்டி நீடித்தால் குஞ்சு உள்ளேயே செத்துவிடும். மாசி கடைசியில் நம் கரை மணல் வேகமாகச் சூடேறும். அப்போது உயரத்தில் கீற்றுப் பந்தலோ நிழல்வலையோ பாதி நிழல் விழுகிற மாதிரிப் போட வேண்டும். முழு நிழல் போட்டால் ஆணாகவே வரும், பொரிக்கவும் நாள் பிடிக்கும். சூடு தணியட்டும் என்று தினமும் தண்ணீர் ஊற்றுவது நல்ல மனசோடு செய்கிற தவறு: மணல் இறுகிப்போகும், முட்டைக்குக் காற்றுப் போகாது.

45-ம் நாளிலிருந்து ஒவ்வொரு கூட்டுக்கும் வட்டமாக வலை கட்டி மணிக்கொருமுறை பார்க்க வேண்டும். பொரித்த குஞ்சுகள் மணலுக்குள்ளேயே இரண்டு மூன்று நாள் மேலேறி, மேல்மணல் குளிர்ந்த இரவில் கூட்டமாக வெளிவரும். வந்தவுடனே விட்டுவிட வேண்டும். விருந்தினர் காலையில் வருவார் என்று தொட்டியில் வைத்திருந்தால், கடலைத் தாண்ட வைத்திருக்கிற தெம்பைத் தொட்டிக்குள்ளேயே துடுப்படித்துத் தீர்த்துவிடும். அலைக்குச் சில மீட்டர் மேலே விட்டு நடக்க விட வேண்டும்; தினமும் ஒரே இடத்தில் விட்டால் மீன்கள் அங்கேயே காத்திருக்கும்.

முட்டைத் திருட்டு முன்னளவுக்கு இல்லை. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணை ஒன்றில் உள்ள உயிரினம், பிடிபட்டால் 3 முதல் 7 வருஷம் சிறை என்பது ஊருக்குள் தெரிந்திருக்கிறது. ஆமையைச் சாமியாகப் பார்க்கிறவர்களும் கரையில் நிறையப் பேர். இருந்தாலும் விட்டுவைக்கிற கூட்டின் மேல் குச்சியோ கொடியோ நடக் கூடாது; சவுக்குக் கிளையால் தடத்தைக் கலைத்துவிட்டு வருவதே காவல். மீன் கழிவில் வளர்ந்த நாய்கள்தான் இன்று பெரிய திருடர்கள்.

கடலுக்குள் ஆமைகள் சாவது இன்னும் பெரிய கவலை. 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் ஆயிரத்துக்கு மேல் செத்து ஒதுங்கின. விசைப்படகின் இழுவை மடி வலை மணிக்கணக்கில் தண்ணீருக்குள்ளேயே இழுபடும். ஆமைக்கு மூச்சுக்கு மேலே வர வழியில்லை. மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-ல் தொடங்கி 61 நாள். ஆமைகள் கரைக்குக் கிட்டே கூடுவதோ மார்கழியிலிருந்து பங்குனி வரை. ஆகவே தடைக்காலம் ஆமைக்கு உதவுவதில்லை; கரையை ஒட்டி விசைப்படகு இழுக்கக் கூடாது என்ற விதியை அந்த நான்கு மாதமும் கண்டிப்பாக அமல் செய்வதுதான் உதவும். வலையில் மயங்கிய ஆமை வந்தால் உடனே கடலில் தள்ளக் கூடாது, மூழ்கிவிடும். வயிறு கீழே இருக்க வைத்து, பின்பக்கத்தை அரை அடி உயர்த்தி, ஈரச்சாக்குப் போட்டு, நான்கு மணி நேரமாவது நிழலில் வைத்தால் நுரையீரல் தண்ணீர் வடிந்து பிழைக்க வாய்ப்புண்டு.

இவ்வளவு கவனத்தோடு காப்பாற்றிய முட்டைக்கும் ஒரு கரை வேண்டும். 1980-களின் கடைசியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் துறைமுகத்துக்கான அலைத்தடுப்புக் கற்கள் போடப்பட்டன. தெற்கிலிருந்து வடக்கே போகிற மணல் அங்கே தடைபட்டது. வடக்கே நகரத்துக் கரையும், அதற்கு அப்பால் தமிழகத்து ஊர்களும் அரிபட்டன. அரிப்பைத் தடுக்கக் கல், அந்தக் கல்லுக்கு வடக்கே மறுபடி அரிப்பு, மறுபடி தூண்டில் வளைவு என்று கடலுக்குள் நீட்டும் கல்வரிசை. கல் கொட்டிய கரையில் ஆமை ஏற முடியாது. வீடு போகிறவர்கள் கல் கேட்பது நியாயம்தான், அதில் மீனவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் கல்லையே தீர்வாகத் தருவது நியாயமில்லை. தேங்கிய மணலை வடக்கே கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலைதான் இடைவிடாமல் நடந்திருக்க வேண்டும்.

இங்கேதான் பதிவேடு விஷயம் வருகிறது. கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கையில் ஆமை முட்டையிடும் இடம் 1ஏ வகை, மிகக் கடுமையான பாதுகாப்பு உள்ளது. ஆனால் முட்டையிட்டது எழுத்தில் இருந்தால்தான் அது அப்படிப்பட்ட இடம் என்று வாதாட முடியும். பல பொரிப்பகப் பதிவேடுகளில் தேதி, முட்டை எண்ணிக்கை, பொரித்த எண்ணிக்கை இருக்கும். எடுத்த இடம் என்ற பத்தியில் ஊர் பெயர் மட்டும், சில சமயம் அதுவும் இருக்காது. வாளியில் முட்டை ஏறியதும் அந்தக் கரை கணக்கிலிருந்து போய்விடுகிறது. செல்போனில் ஜிபிஎஸ் குறி எடுக்க ஒரு நிமிஷம் ஆகும்.

இன்னொரு பத்தியும் தேவை: முட்டையிடாமல் திரும்பிய தடம். கரையில் கொட்டிய கல்லின் அடியில் அதைப் பார்க்கலாம். நேராக ஏறி, கல்லை முட்டி, ஓரமாகவே பத்துப் பதினைந்து அடி போய், ஒன்றிரண்டு இடத்தில் மணலைத் துழாவிவிட்டு இறங்கியிருக்கும். ஹைமாஸ் விளக்குக்கு எதிரேயும் இப்படியே. நேரம், குறி, எதிரே இருந்தது கல்லா, சுவரா, விளக்கா என்று அங்கேயே நின்று எழுத வேண்டும். ஏற்றத்தில் அலை வந்து தொட்டால் தடம் போய்விடும்.