சூடேறிய பிறகு அளந்தேன்: பேட்டரி விளக்கு அணைந்த விதம்

மூன்று மாதமாக என் காரின் டேஷ்போர்டில் அந்தச் சிவப்பு பேட்டரி விளக்கு வந்து வந்து போய்க்கொண்டிருந்தது. காலையில் பினாங்குத் தீவின் ஆயர் ஈத்தாமிலிருந்து கிளம்பும்போது இருக்காது. மாலையில் கடலுக்கு அந்தப் பக்கம் பிறை ஊரில் வேலை முடிந்து திரும்பும்போது, பாலத்து நெரிசலில் ஊர்ந்தால் மங்கலாக எரியும். ஏர்கோன், வைப்பர், ஹெட்லைட் மூன்றும் ஓடும் மழை நாளென்றால் கேட்கவே வேண்டாம். பினாங்குப் பாலம் 13.5 கிலோமீட்டர். பின்னால் அம்மா உட்கார்ந்திருக்க, கடலுக்கு நடுவில் வண்டி நின்றுவிடுமோ என்று பயந்தபடி ஓட்டிய இரவுக்குப் பிறகுதான் இதை நானே தீர்த்துவிடுவது என்று முடிவெடுத்தேன்.

அதற்குமுன் ஒரு கார் வயரிங் கடையில் 280 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்துப் பேட்டரியை மாற்றியிருந்தேன். பழையதற்கு மூன்று வயது. நம் வெயிலுக்கு அது போதுமான வயதுதான். ஆனால் மூன்றாம் நாளே விளக்கு திரும்ப வந்தது. மறுபடி போனேன். மீட்டர் வைத்துப் பார்த்து, "14.3 காட்டுது, எல்லாம் ஓகே" என்று அனுப்பிவிட்டார்கள். அப்போது காலை ஒன்பது மணி.

எங்கள் அடுக்குமாடியில் கீழ் வீட்டு அங்கிள் பல வருடம் வயரிங் வேலை செய்தவர். அவரிடம் சொன்னதும், "காலையில அளந்தா என்னா தெரியும் தம்பி? நல்லா சூடேறட்டும், எல்லாத்தையும் போடு, அப்புறம் அளந்து பாரு" என்றார். இந்த வேலையில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய உதவி அந்த ஒரு வார்த்தைதான்.

ஜெலுத்தோங்கில் 45 வெள்ளிக்கு ஒரு மல்டிமீட்டர் வாங்கினேன். இரவு முழுக்க நின்ற காரில் பேட்டரி 12.6 வோல்ட். அது முழு சார்ஜ். எஞ்சினைக் கிளப்பியதும் 14.3. கடையில் சொன்ன அதே எண். பிறகு பத்து ஃபெரிங்கி கடற்கரை வரை போய்த் திரும்பி, எஞ்சினை அணைக்காமல் ஏர்கோன், ஹெட்லைட், வைப்பர், பின்கண்ணாடி ஹீட்டர் எல்லாவற்றையும் போட்டேன். 12.9. பார்த்துக்கொண்டிருக்கும்போதே 12.7. விளக்கு மங்கலாக எரிந்தது. கோளாறு இருக்கிறது என்று முதல் தடவையாகக் கையில் ஆதாரம் கிடைத்தது.

இந்த விளக்கு எப்படி வேலை செய்கிறது என்று புரிந்த பிறகுதான் தேட வழி தெரிந்தது. என் கார் போன்ற பழைய வண்டிகளில் அந்த பல்பின் ஒரு பக்கம் சாவியைத் திருப்பினால் பேட்டரியிலிருந்து வரும் மின்சாரம், மறுபக்கம் ஆல்டர்னேட்டர், அதாவது எஞ்சின் ஓடும்போது பெல்ட்டால் சுழன்று பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஜெனரேட்டர். இரண்டு பக்கமும் ஒரே வோல்ட் இருந்தால் பல்பில் மின்சாரம் ஓடாது, எரியாது. ஆல்டர்னேட்டர் தளர்ந்தால் வித்தியாசம் வந்து எரியும். கொஞ்சம் தளர்ந்தால் மங்கலாக. படம் என்னவோ பேட்டரி படம்தான், ஆனால் அது சொல்வது சார்ஜிங்கைப் பற்றி.

முதலில், வயர்களில் வழியிலேயே எவ்வளவு வோல்ட் வீணாகிறது என்று பார்த்தேன். எல்லாம் ஓடும்போதே ஆல்டர்னேட்டரின் பெரிய வயர் முனைக்கும் பேட்டரி பாசிட்டிவுக்கும் நடுவில் அளந்தேன்: 0.15 வோல்ட். நல்லது. ஆல்டர்னேட்டர் உடம்புக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவில் 0.55. அது 0.2-ஐத் தாண்டக் கூடாது. கியர்பாக்ஸிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் வயரைக் கழற்றினால், போல்ட்டுக்கு அடியில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தது. கம்பி பிரஷ்ஷால் பளபளவென்று தேய்த்து முறுக்கினேன். 0.06 ஆனது. பேட்டரியில் 13.1 வந்தது. ஆனால் விளக்கு போகவில்லை. அன்று மனசு விட்டுப்போனது உண்மை.

அடுத்த சனிக்கிழமை மறுபடி சூடேற்றி, விளக்கு எரியும்போது ஸ்க்ரூடிரைவரின் மரப்பிடியால் ஆல்டர்னேட்டரின் பின்பக்கத்தை மெல்லத் தட்டினேன் (பெல்ட்டிலிருந்து கையை நன்றாகத் தள்ளி வைத்துக்கொண்டு). நான்காவது தட்டில் விளக்கு அணைந்தது. மீட்டரில் 13.9. கொஞ்ச நேரத்தில் மறுபடி இறங்கியது. உள்ளே ஏதோ சரியாகத் தொடவில்லை என்றால், கார்பன் பிரஷ்மேல்தான் முதல் சந்தேகம். உள்ளே சுழலும் சுருளுக்கு, வளையங்களில் உரசியபடி மின்சாரம் கொடுக்கும் சின்னக் கார்பன் துண்டுகள் அவை.

கழற்றும்முன் பேட்டரி நெகட்டிவை எடுத்துவிட வேண்டும். ஆல்டர்னேட்டரின் பெரிய முனையில் சாவி போடாவிட்டாலும் மின்சாரம் இருக்கும். ஸ்பேனர் பாடியில் பட்டால் தீப்பொறி பறக்கும். ஒரு போல்ட் துருவில் இறுகிவிட்டதால் எண்ணெய் அடித்து ஓர் இரவு காத்திருந்தேன். பின்மூடியைத் திறந்து பிரஷ் ஹோல்டரை எடுத்தால், ஒரு கார்பன் 6 மில்லிமீட்டர், இன்னொன்று 4. நகத்தளவு கூட இல்லை, ஓரம் சாய்வாகத் தேய்ந்திருந்தது. புதியது 10-க்கு மேல் இருக்கும். இவ்வளவு குட்டையானால் ஸ்பிரிங் அழுத்தம் குறைந்துவிடும். சூட்டில் சுருளின் மின்தடையும் கூடும். காலையில் சமாளித்து மாலையில் தளர்ந்ததற்கு அதுவே போதும்.

சுழலும் செப்பு வளையங்கள் கறுத்திருந்தன, பள்ளம் விழவில்லை. நைஸ் உப்புத்தாளால் துடைத்தேன். இரண்டு வளையத்துக்கும் நடுவில் 2.9 ஓம், அப்படியானால் சுருள் நன்றாகவே இருக்கிறது. புது ஹோல்டர் செட் 30 வெள்ளி. மாட்டும்போது கார்பன்கள் வெளியே துள்ளும். உள்ளே அழுத்தி, பின்பக்கச் சின்னத் துளையில் பல்குச்சியைச் செருகி நிறுத்திவிட்டு, பொருத்திய பிறகு உருவ வேண்டும். உருவியதும் "டக்"கென்று அவை வளையத்தில் போய் உட்காரும் சத்தம் கேட்டது.

மறுபடி பத்து ஃபெரிங்கி. எல்லாம் ஓடும்போது, எஞ்சின் மெல்ல ஓடும் நிலையில் 13.8. கொஞ்சம் மிதித்தால் 14.2. மீட்டரை ஏசி (மாறுமின்னோட்ட) வோல்ட்டுக்கு மாற்றிப் பேட்டரியில் வைத்தால் 0.03 வோல்ட். அப்படியானால் ஆல்டர்னேட்டரின் ஏசியை டிசியாக (நேர்மின்னோட்டமாக) மாற்றும் டயோடுகளும் நலம். அதற்குப் பிறகு இரண்டு வாரம் ஆகிறது, மூன்று மழை மாலைகள் பாலத்தில் ஊர்ந்தாயிற்று, விளக்கு வரவில்லை. பெல்ட்டின் உள்பக்கத்தில் சின்ன வெடிப்புகள் தெரிகின்றன. அடுத்த மாதச் சம்பளம் வந்ததும் அதை மாற்றிவிட்டு, மறுபடி சூடேற்றி அளக்க வேண்டும்.