கறுத்துப்போன டிஸ்கஸ்

மீன் சுணங்கிவிட்டது என்று தொலைபேசியில் அழைப்பவர்கள் முதலில் கேட்பது, "என்ன மருந்து போடலாம்?" என்றுதான். சிங்கப்பூரின் சிராங்கூன் நார்த் வட்டாரத்தில் ஒரு வண்ணமீன் கடையில் வேலை பார்க்கிறேன். கடைக்குள் நிற்பதைவிட, அலுவலகங்களிலும் மருந்தகங்களிலும் வீடுகளிலும் இருக்கும் தொட்டிகளைப் பராமரிக்கப் போவதே என் முதன்மையான வேலை. மருந்து விற்றால் கடைக்கு வருமானம்தான். ஆனாலும் நான் சொல்லும் பதில் பெரும்பாலும் இதுதான்: இப்போதைக்கு எதையும் போடாதீர்கள், விளக்கை அணையுங்கள், தீனியை நிறுத்துங்கள், தண்ணீரைச் சோதித்துப் பாருங்கள்.

மீனுக்கும் உளைச்சல் உண்டா என்று கேட்பவர்களுக்கு அதன் உடலைக் கொண்டே விளக்கிவிடலாம். நன்னீர் மீனின் இரத்தத்தில் லிட்டருக்குச் சுமார் 9 கிராம் அளவுக்கு உப்புகள் இருக்கின்றன. அது நீந்தும் தண்ணீரிலோ உப்பு மிகமிகக் குறைவு. அதனால் செவுள் வழியே தண்ணீர் ஓயாமல் உள்ளே ஊறும். உப்பு வெளியே கசியும். உள்ளே வந்த தண்ணீரைச் சிறுநீரகம் வெளியேற்ற வேண்டும். இழந்த உப்பைச் செவுள் மீண்டும் இழுத்துக்கொள்ள வேண்டும். நன்றாக இருக்கும் மீன் இதைச் சிரமமில்லாமல் செய்துவிடும். மிரண்ட மீனுக்கு மூச்சு வேகமாகிறது, செவுளில் இரத்த ஓட்டம் கூடுகிறது, உப்பு இன்னும் விரைவாக வெளியேறுகிறது. உளைச்சலின்போது ஊறும் கார்ட்டிசால் என்ற ஹார்மோனின் சுரப்பு நாள்கணக்கில் நீடித்தால் நோய் எதிர்ப்புச் சக்தியும் தளர்ந்துவிடும். வெள்ளைப் புள்ளி நோயும் பூஞ்சையும் பல நேரங்களில் அதற்குப் பிறகுதான் வருகின்றன. மருந்து புட்டியோடு நாம் ஓடுவது அந்தக் கடைசிக் கட்டத்தில்.

தோ பாயோ பக்கம் ஒரு மருந்தகத்தின் காத்திருப்புக் கூடத்தில் 300 லிட்டர் தொட்டி இருக்கிறது. அதில் டிஸ்கஸ் மீன்கள். தட்டுப் போல வட்டமான, அமேசான் படுகையைச் சேர்ந்த மீன். ஒருநாள் நான் போனபோது வரவேற்பு மேசையில் இருக்கும் அக்கா எழுந்து வந்தார். "தம்பி, அந்த நீல மீன் எதையும் சாப்பிடவில்லை. மூலையைவிட்டு வெளியே வருவதும் இல்லை. காய்ச்சலா?" என்று கேட்டார்.

வடிகட்டிக் குழாய்க்குப் பின்னால் ஒதுங்கி நின்றது அது. டிஸ்கஸின் உடலில் மேலிருந்து கீழாகப் பொதுவாக ஒன்பது பட்டைகள் உண்டு. தெம்பாக இருக்கும்போது அவை மங்கிக் கிடக்கும். இதன் பட்டைகள் கரிக்கோடுகளாய்த் தெரிந்தன. உடல் முழுவதுமே கறுத்திருந்தது. துடுப்புகளை உடலோடு ஒட்ட மடித்து வைத்திருந்தது. கண்ணைச் சுற்றிய சிவப்பு வளையம் பழுப்பேறியிருந்தது. மற்ற மீன்கள் கடந்து போகும்போதெல்லாம் அதன் விலாவில் ஓர் இடி கொடுத்துவிட்டுப் போயின. கூட்டமாக வாழும் மீன்களில் இது வழக்கம். தளர்ந்ததை மற்றவை கண்டுகொள்ளும். அதைத் தீனிப் பக்கம் வரவே விடமாட்டா.

தண்ணீரைச் சோதித்தேன். மீன் கழிவிலிருந்து உண்டாகும் நச்சுகளான அம்மோனியா இல்லை, நைட்ரைட் இல்லை. வெப்பமானியில் 24 டிகிரி. அதுதான் காரணம். டிஸ்கஸுக்கு 28 முதல் 30 டிகிரி வேண்டும். புதுப்பிப்புப் பணியின்போது குளிர்சாதனத்தைத் தொட்டிக்கு நேர் மேலே மாற்றியிருந்தார்கள். இரவும் பகலும் குளிர்காற்று தண்ணீரின் மேல் அடித்துக்கொண்டிருக்க, உள்ளே இருந்த 100 வாட் ஹீட்டரால் ஈடுகொடுக்க முடியவில்லை. வெளியே 32 டிகிரி வெயில் கொளுத்தும் ஊரில் மீன் குளிரால் வாடுகிறது என்றால் பலர் நம்புவதில்லை. சிங்கப்பூரில் இது அன்றாட நிலவரம். வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடி வீடுகளில் பிற்பகல் வெயில் விழும் தொட்டிகளுக்கு விசிறி வைத்துச் சூட்டைக் குறைக்கிறோம். அலுவலகத் தொட்டிகளுக்கு ஹீட்டர் வைக்கிறோம்.

பெரிய தொட்டியைச் சூடேற்றினால் போதாதா என்று அக்கா கேட்டார். அதையும் செய்யத்தான் வேண்டும். ஆனால் அடிவாங்கிக்கொண்டு பட்டினி கிடக்கும் மீனுக்கு வெப்பம் மட்டும் போதாது. அதைக் கூட்டத்திலிருந்து கொஞ்ச காலம் விலக்கி வைக்க வேண்டும்.

மருந்தகத்தின் பின்னறையில் 60 லிட்டர் தொட்டி ஒன்றை வைத்தேன். அடியில் மணல் இல்லை, கல் இல்லை. கழிவு தெரிய வேண்டும், உடனே உறிஞ்சி எடுக்க வேண்டும். மூன்று பக்கமும் வெளிப்புறத்தில் கறுப்புத் தாள். ஒளிந்துகொள்ள ஒரு பிளாஸ்டிக் குழாய்த் துண்டு. விளக்கு கிடையாது. ஸ்பாஞ்ச் வடிகட்டி மட்டும் புதிதல்ல; பெரிய தொட்டியின் மூலையில் எப்போதும் ஒன்றை ஓடவிட்டு வைப்பது என் பழக்கம். அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா அதில் ஏற்கெனவே குடியேறியிருக்கும். புத்தம்புது வடிகட்டியோடு தனித் தொட்டி வைப்பவர்கள், மீனை அதன் கழிவிலேயே வாட விடுகிறார்கள். இதை மட்டும் எத்தனை முறை சொன்னாலும் எனக்குச் சலிக்காது.

வலையை எடுக்கவில்லை. டிஸ்கஸின் மேல்தோலில் உள்ள வழவழப்புதான் அதன் கவசம். குஞ்சுகள் முதல் சில வாரம் தாய் தந்தையின் உடலிலிருந்து அதைத்தான் உண்டு வளர்கின்றன. வலை அதை வழித்துவிடும். ஒரு பிளாஸ்டிக் பெட்டியை நீருக்குள்ளேயே சாய்த்து, மீனை மெல்ல அதற்குள் நடத்தித் தண்ணீரோடு தூக்கினேன். தனித் தொட்டியிலும் பாதிக்கு மேல் பழைய தண்ணீர்தான். சோதனையில் அது சுத்தமாக இருந்ததால் துணிந்து ஊற்றினேன். வெப்பத்தைச் சில மணி நேரத்துக்கு ஒரு டிகிரி என்ற கணக்கில் ஏற்றினேன்.

தண்ணீரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். சென்னையில் கொளத்தூர்ப் பக்கம் மீன் வளர்த்துப் பழகிய என்னைப் போன்றவர்களுக்கு, குழாய்த் தண்ணீரை ஓர் இரவு திறந்து வைத்தால் குளோரின் போய்விடும் என்பது கைப்பழக்கம். இங்கே அது உதவாது. பொதுப் பயனீட்டுக் கழகம் வழங்கும் குடிநீரில் இருப்பது குளோரமைன். அது அப்படி எளிதில் ஆவியாகாது. தயோசல்ஃபேட் துளிகள் விட்டால் குளோரின் பகுதி அடங்கும், ஆனால் அதோடு பிணைந்திருந்த அம்மோனியா தண்ணீரில் தங்கிவிடும். பெரிய தொட்டியின் பாக்டீரியா அதைச் சமாளிக்கும். நோயுற்ற மீன் இருக்கும் சிறிய தொட்டி சமாளிக்காது. ஆகவே அம்மோனியாவையும் சேர்த்துக் கட்டுப்படுத்தும் திரவத்தைத்தான் பயன்படுத்த வேண்டும். தண்ணீரின் காரத்தன்மையையும் பார்க்க வேண்டும்: பிஎச் 7இலிருந்து 8க்கு ஏறினால், அதே அம்மோனியாவின் நச்சுப் பகுதி ஏறத்தாழப் பத்து மடங்காகிவிடும்.

இதை எனக்குப் புரியவைத்தது, முன்பு வேலை பார்த்த லிம் சூ காங் ஏற்றுமதிப் பண்ணை. அங்கே மீன்களை அனுப்பும் முன் ஓரிரு நாள் பட்டினி போடுவோம், பையில் கழிவு குறைவதற்காக. வந்திறங்கும் பைகளைத் திறந்து வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போனால் மேற்பார்வையாளருக்குக் கோபம் வரும். மூடிய பையில் மீன் விட்ட கரியமில வாயு தண்ணீரின் பிஎச்சைக் குறைத்து, அம்மோனியாவின் நஞ்சைத் தணித்து வைத்திருக்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேறும், பிஎச் ஏறும், அந்த நஞ்சு மீண்டும் விழிக்கும். நெடுந்தூரம் தப்பிப் பிழைத்து வந்த மீன், கரைக்கு வந்த பிறகு சாவது அப்படித்தான்.

மருந்தக மீனுக்கு நான் சேர்த்தது கல் உப்பு மட்டும். லிட்டருக்கு ஒரு கிராம், தனியே கரைத்து, சிறிது சிறிதாக. வெளியே கொஞ்சம் உப்பு இருந்தால், உடலிலிருந்து கசிவது குறையும். மீனுக்கு அந்த அளவு உழைப்பு மிச்சம். எல்லா மீனுக்கும் இது பொருந்தாது. கோரிடோராஸ் போன்ற கெளுத்தி வகைகளுக்கும் டெட்ராக்களுக்கும் உப்பை மிகக் கவனமாகத்தான் கொடுக்க வேண்டும். வெள்ளை நூலாகக் கழிவு தெரிந்தாலோ, ஒரு பக்கச் செவுளால் மட்டும் மூச்சு வாங்கினாலோ ஒட்டுண்ணிக்கு மருந்து யோசித்திருப்பேன். இரண்டும் இல்லை.

அதற்குப் பிறகு நாங்கள் செய்ய வேண்டியிருந்தது மிகக் குறைவு, கடினமும் அதில்தான். நாள்தோறும் கால் பங்கு தண்ணீரை அதே வெப்பத்தில் மாற்றுவது, அந்தத் தொட்டிக்கென்றே வைத்த குழாயாலும் வாளியாலும். முதல் நாள் தீனி இல்லை. அக்காவுக்குத்தான் மனம் ஆறவில்லை. ஒரு மீன் பசியோடு கிடக்கிறதே என்று வாடினார். அடிக்கடி பின்னறைக் கதவைத் திறந்து விளக்கைப் போட்டுப் பார்த்தார். அன்பினால்தான். ஆனால் ஒவ்வொரு முறை வெளிச்சம் பாயும்போதும் மீன் சுவரில் மோதியது. அவரிடம் சொன்னேன்: "அக்கா, கூடத்து வெளிச்சத்திலேயே பாருங்கள். ஒரு நிமிடத்துக்கு எத்தனை முறை செவுள் திறக்கிறது என்று மட்டும் எண்ணி எழுதி வையுங்கள்." அவர் ஒரு தாளில் நேரத்தோடு எழுதி வைத்தார். அந்த எண்கள் குறைந்துகொண்டே வந்தது எனக்கு எந்த மருந்தையும்விடப் பெரிய செய்தி.

முதலில் மடித்திருந்த முதுகுத் துடுப்பு நிமிர்ந்தது. பிறகு பட்டைகள் நடுவிலிருந்து மங்கின. உறைந்த இரத்தப்புழு கொஞ்சம் போட்டபோது வாயில் எடுத்துத் துப்பியது, மறுநாள் துப்பவில்லை. அதன் பிறகு அங்கே வைத்திருக்கக் கூடாது என்பது என் கருத்து. டிஸ்கஸ் தனியாக நெடுநாள் இருந்தால் அதுவும் ஒரு வாட்டம்தான். பலர் பாதுகாப்பு என்று எண்ணி வாரக்கணக்கில் தனிமையில் விட்டுவிடுகிறார்கள்.

உப்பைத் தண்ணீர் மாற்றத்தில் படிப்படியாகக் குறைத்து, மாலையில் கூடத்து விளக்குகளை அணைத்துவிட்டுப் பெரிய தொட்டியில் விட்டேன். அதற்கு முன் உள்ளிருந்த மரக்கட்டைகளை இடம் மாற்றி அடுக்கினேன்; பழைய மீன்களுக்கும் இடம் புதிதாக இருந்தால் வந்ததை விரட்டும் வேகம் குறையும். இரண்டு முனையிலும் தீனி போட்டேன். ஓரிரு இடிகள் விழுந்தன. நீல மீன் விலகிப் போய் மறுமுனையில் தின்றது.

மருத்துவரிடம் 100 வாட் ஹீட்டரை எடுத்துவிட்டு 150 வாட்டில் இரண்டு வாங்கச் சொன்னேன். ஒன்றுக்கு இரண்டா என்று தயங்கினார். ஒன்று அணைந்து போனால் மற்றது ஓரளவு தாங்கும், ஒன்று அணையாமல் சிக்கிக்கொண்டாலும் அதன் சூடு மட்டும் 300 லிட்டரைக் கொதிக்க வைக்காது என்று விளக்கியதும் ஒப்புக்கொண்டார். குளிர்காற்றைத் திருப்பிவிட ஒரு தகடும் பொருத்தியாகிவிட்டது. அக்கா இப்போது காலையில் மருந்தகம் திறந்ததும் வெப்பமானியைப் பார்த்து, நோயாளிகள் வருவதற்கு முன்பே என் கைப்பேசிக்கு எண்ணை அனுப்பிவிடுகிறார்.