மங்கில் ஒட்டிய பால்

அக்டோபர் 7, 2024, திங்கள்

இன்று நடந்த தப்பு என்னுடையது.

காலை பத்தரை மணி. தராசு மேடையில் ஒரு லோரி, பின்னால் நாலு. செம்பனை எண்ணெய் ஆலைக்கு வரும் ஒவ்வொரு லோரியும் இரண்டு தடவை மேடை ஏற வேண்டும். பழக்குலையோடு ஒருமுறை, கொட்டிவிட்டு வெறும் வண்டியாக ஒருமுறை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் பழத்தின் எடை. பதினான்கு வருஷமாகச் செய்கிறேன், தூக்கத்தில்கூடச் செய்வேன். அந்த நேரம் பார்த்து மேலிடத்திலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி. போன மாத ஓவர்டைம் கணக்கு ஏன் இன்னும் வரவில்லையாம். அனுப்பி மூன்று நாள் ஆகிறது! "அனுப்பிவிட்டேன், சார்" என்று மரியாதையாகத்தான் பதில் போட்டேன். போட்டுவிட்டு நிமிர்ந்தவள், திரும்பி வந்த இரண்டு லோரிகளின் வெற்று எடையை மாற்றிப் பதிந்துவிட்டேன்.

அதில் ஒன்று ஒரு மலாய் பாக்சிக்கின் லோரி. வயதில் பெரியவர்களை அப்படித்தான் கூப்பிடுவோம். ஏழு ஏக்கர் வைத்திருக்கிறார். வரும்போது 12,940 கிலோ, வெறும் வண்டி 5,380. பழம் 7,560 கிலோ என்று சீட்டு வந்திருக்க வேண்டும். நான் மற்ற லோரியின் 7,260ஐக் கழித்து 5,680 என்று நீட்டியிருக்கிறேன். 1,880 கிலோ போச்சு. அவர் சத்தம் போடவில்லை. சீட்டைத் திருப்பி முதுகுப் பக்கம் பார்த்தார், அங்கே மீதி எழுதியிருக்கும் என்பதுபோல. "என் வண்டி இன்றைக்கு இவ்வளவு லேசாகவா வந்தது?" என்று மட்டும் மலாயில் கேட்டார்.

திருத்திக் கொடுக்க நாலு பேரின் கையெழுத்து வேண்டியிருந்தது. மாலையாகிவிட்டது. பறித்த குலையை 24 மணி நேரத்துக்குள் ஆலையில் சேர்க்காவிட்டால் எண்ணெயில் அமிலம் ஏறிவிடும் என்று அவரைப் போன்றவர்களை நாங்கள்தான் விரட்டுகிறோம். அவரைச் சாயங்காலம் வரை உட்கார வைத்ததற்கு மட்டும் அவசரமே இல்லை.

அக்டோபர் 8, செவ்வாய்

அம்மாவிடம் சொன்னேன். அம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது. தெலுக் இந்தான் பக்கம் இப்போது செம்பனையாக நிற்கிற தோட்டத்தில் முன்பு ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர்.

"ரெண்டு வேலையை ஒண்ணா செஞ்சா இப்படித்தான் ஆகும், இல்லம்மா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லடி. நாங்க கதை பேசிக்கிட்டேதான் வெட்டுவோம். பக்கத்து நிரையில உன் பெரியம்மா. பேசாம வெட்டினா தூக்கம் வந்துடும். ஆனா வீட்டுல உங்கப்பாகிட்ட சண்டை போட்டுட்டு வந்த அன்னிக்கு வாயே திறக்க மாட்டேன். அன்னிக்குத்தான் மரத்துல காயம் விழும்."

பட்டையை நூல் கனத்துக்குத்தான் சீவ வேண்டும். உளி கொஞ்சம் ஆழம் போனாலும் உள்ளே கட்டையில் பட்டுவிடும். பட்ட இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். பல வருஷம் கழித்து அதே இடத்துக்குத் திரும்பி வரும்போது அங்கே உளி ஓடாது. அம்மா இதைச் சொல்லும்போது வலது கட்டைவிரல் தானாக மடங்கி, இல்லாத உளியைப் பிடித்துக்கொள்கிறது. வேலையை மேற்பார்க்கும் மண்டோர் வந்து காயத்தைப் பார்த்தால் என்ன சொல்வார் என்று கேட்டேன். அதை எழுத முடியாது.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. தராசுக் கணினிக்குச் சந்தனம், குங்குமம். வீட்டில் அம்மா தன் பழைய உளியை வைத்தார், நான் கைபேசியை வைத்தேன். நாளை விஜயதசமி காலைவரை தொடுவதில்லை என்று ஏற்பாடு. இரவு எட்டே முக்காலுக்குச் சாமி மேடையில் அது அதிர்ந்து அதிர்ந்து நகர்ந்து விபூதித் தட்டில் முட்டியது. எடுத்துவிட்டேன். நாளைக்கு யார் ஷிப்ட் என்று கேட்டார்கள். அட்டவணை சுவரில்தான் ஒட்டியிருக்கிறது.

அக்டோபர் 16, புதன்

கேண்டீனில் ஒரு மணி நேரப் பயிற்சி. மைண்ட்ஃபுல்னஸாம், கையிலிருப்பதில் மட்டும் மனசை வைப்பதாம். ஆளுக்கொரு உலர்திராட்சை கொடுத்தார்கள். உடனே தின்னக் கூடாது. உருட்டிப் பார்க்க வேண்டும், முகர வேண்டும், நாக்கில் வைத்துக் காத்திருக்க வேண்டும். பாய்லர் பையன் கொடுத்த மறுநொடியே விழுங்கிவிட்டு இன்னொன்று கேட்டான். நான் ஒழுங்காகத்தான் செய்தேன். நாக்கில் திராட்சை இருக்கும்போதே வாக்கிடாக்கி கத்தியது, தராசில் ஆள் இல்லையென்று.

கிண்டல் செய்ய எழுதவில்லை. வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். ஜான் கபாட்-ஸின் என்பவர் 1979இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில், தீராத வலியோடு வந்தவர்களுக்காகத் தொடங்கிய பயிற்சியில் வருவதுதான் இந்தத் திராட்சை. அது எட்டு வாரம், வீட்டிலும் தினமும் உட்கார வேண்டும். எங்களுக்கு ஒரு மணி நேரம், அதுவும் சாப்பாட்டு நேரத்தில் கழித்துக்கொண்டு. எட்டு வாரத்துக்கு மருந்து எழுதிவிட்டு ஒரு மாத்திரை கொடுத்தால் எப்படி?

அக்டோபர் 19, சனி

தஞ்சோங் மாலிமில் மனோதத்துவம் படிக்கிற மகள் விடுமுறைக்கு வந்திருக்கிறாள். லோரி கதையைச் சொன்னதும், "மா, நீங்க தப்பு செஞ்சப்ப ஃபோனைப் பார்த்துக்கிட்டா இருந்தீங்க?" என்றாள்.

இல்லை. கீழே வைத்துவிட்டேன். திரையைத்தான் பார்த்தேன்.

அதுதான் விஷயம் என்றாள். சோஃபி லெராய் என்ற ஆராய்ச்சியாளர் 2009இல் எழுதியதாம். ஒரு வேலையைப் பாதியில் விட்டு இன்னொன்றுக்குத் தாவினால் கவனம் முழுசாகக் கூடவே வருவதில்லை, ஒரு பங்கு பழைய வேலையிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும், அதனால் புதிய வேலை கெடும். கேட்டுக்கொண்டிருந்த அம்மா, "ஒட்டுப்பால்" என்றார். மரத்தில் பால் பிடிக்கும் கிண்ணம்தான் மங்கு. பாலை வாளியில் ஊற்றிய பிறகும் மங்கில் ஒட்டிக் காய்ந்து கிடக்குமே, அது. மகள் அதைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

இதற்குப் பின்னால் லெராய் ஒரு வழியும் சொல்லியிருக்கிறாராம். தாவுவதற்கு முன்னால், எங்கே விட்டோம், திரும்பி வந்ததும் முதலில் என்ன செய்வோம் என்று ஒரு நிமிஷம் எழுதிவைப்பது. எழுதியதும் மனசு அதை விட்டுவிடுகிறது.

என் வீட்டுக்காரர் விடவில்லை. ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர். "நம்ம செய்குத்தம்பி பாவலர் 1907லே சென்னை விக்டோரியா ஹாலில் ஒரே நேரத்தில் நூறு காரியம் செய்து சதாவதானி பட்டம் வாங்கினாரே, அவருக்கு ஒட்டவில்லையா?" என்றார். ஒருவர் வெண்பாவுக்கு ஈற்றடி கொடுப்பார், ஒருவர் கணக்கு கேட்பார், ஒருவர் முதுகில் கல்லை எறிந்துகொண்டேயிருப்பார், கடைசியில் எத்தனை கல் என்றும் சொல்ல வேண்டும். கேட்கவே மலைப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் கல் எறிந்தவர் யாரும் "இதுகூடவா தெரியாது" என்று எறிந்திருக்க மாட்டார். சொன்னேன். பதில் சொல்லாமல் தேநீரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அக்டோபர் 22, செவ்வாய்

மேடையில் லோரி இருக்கும்வரை கைபேசி மேசை டிராயரில். எதையாவது பாதியில் விட நேர்ந்தால் பழைய சீட்டின் பின்பக்கம் ஒரு வரி: "ஓவர்டைம், 14ஆம் பெயர்வரை முடிந்தது, அடுத்து 15." எடையைப் பதியும் முன் வண்டி எண்ணைச் சத்தமாகப் படிக்கிறேன். டிரைவர்கள் சிரிக்கிறார்கள். ஒருவர் நான் படித்து முடித்ததும் "ஆமென்" என்றார்.

பதில் தாமதமாகிறது என்று மேலிடத்திலிருந்து ஒரு கேள்விக்குறி மட்டும் வந்திருந்தது. வரட்டும்.

அக்டோபர் 27, ஞாயிறு

முறுக்கு. அம்மா பிழிந்துகொண்டே பக்கத்து வீட்டுக் கல்யாணக் கதை முழுவதையும் சொல்லி முடித்தார், ஒன்றுகூடக் கருகவில்லை. நான் ஒரு ஈடு கருக்கினேன். கையில் கைபேசி இல்லை. நினைப்பு தீபாவளி முன்பணத்தில் இருந்தது.

அக்டோபர் 29, செவ்வாய்

மழை. பாக்சிக் வந்தார். எண்ணைச் சத்தமாகப் படித்தேன், எடையையும் படித்தேன், சீட்டை நீட்டினேன். "செலாமாட் தீபாவளி" என்று வாங்கிக்கொண்டார். வண்டியை எடுக்கவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மூன்று எண்களையும் தன் கைபேசியில் தட்டிக் கழித்துப் பார்த்தார். பிறகு சீட்டைப் படம் பிடித்துக்கொண்டார். பின்னால் மூன்று லோரிகள் ஹாரன் அடித்தன. அவர் முடிக்கும்வரை நான் தடுப்புக் கம்பத்தைத் தூக்கவில்லை.