1894-க்குச் செல்லும் பணப்பை: ரோஸ்க்ரான்ஸ்–நெபேக்கர் கிடைத்துவிட்டது

கிடைத்துவிட்டது. காலப்பயணக் கதை ஒன்றின் நாயகனுக்காக 1894-இல் செல்லும் பணம் நிறைந்த பை ஒன்றைச் சேர்த்துவருகிறேன்; அதற்கான நோட்டு இது: 1891 வரிசை, ஒரு டாலர் சில்வர் சர்டிபிகேட் (வெள்ளிக்கு ஈடாக வெளியிட்ட அமெரிக்க நோட்டு), மார்த்தா வாஷிங்டன் படம், கையெழுத்து ரோஸ்க்ரான்ஸ்–நெபேக்கர், ஃப்ரீட்பெர்க் பட்டியலில் (அமெரிக்க நோட்டுகளுக்கான பட்டியல்) எண் 222. நடுவில் ஆழமான மடிப்பு, வலது ஓரத்தில் ஊசித்துளைகள், ஒரு மூலை மழுங்கியிருக்கிறது. தரம் பார்த்து வாங்குபவர்கள் இதைத் தள்ளிவிட்டுப் போவார்கள். எனக்கு இப்படித்தான் வேண்டும். பலர் கைப்பட்ட நோட்டாக இருக்க வேண்டும். 1894 ஜூனில் நியூயார்க் கிராண்ட் சென்ட்ரல் நிலையத்தின் டிக்கெட் ஜன்னலில் நீட்டினால் குமாஸ்தா மறுபேச்சில்லாமல் வாங்கிப் பெட்டியில் போட வேண்டும். இரண்டு நிபந்தனைகளுக்கும் இந்த நோட்டு பொருந்துகிறது.

இந்தப் பை யாருக்காக என்று தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜாக் ஃபின்னி 1950-இல் எழுதிய ‘தி தேர்ட் லெவல்’ சிறுகதை. சி.பி.எஸ்.இ. பன்னிரண்டாம் வகுப்பில் படித்தவர்களுக்கு ஆங்கிலப் பாடநூல் வழியாக நன்றாகவே தெரியும். சார்லி என்ற சாதாரண மனிதன் கிராண்ட் சென்ட்ரலில் வழிதவறி, இல்லாத மூன்றாம் தளத்துக்குப் போய்விடுகிறான். அங்கே 1894 நடக்கிறது. இல்லினாய் மாநிலத்து கேல்ஸ்பர்க்குக்கு இரண்டு டிக்கெட் கேட்டுப் பணத்தை நீட்டுகிறான். இது பணமே இல்லை என்று குமாஸ்தா சொல்லிவிடுகிறார். மறுநாள் சார்லி வங்கியிலிருந்து 300 டாலர் எடுத்துப் பழைய நோட்டுகளாக மாற்றுகிறான். 200 டாலருக்கும் குறைவாகவே தேறுகிறது. அந்தப் பணத்தைத்தான் நான் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். நகல்கள் வேண்டாம். எல்லாம் அசல், எல்லாம் அந்தத் தேதிக்குச் செல்லுபடியாக வேண்டும்.

காலப்பயணக் கதைகளில் பணத்தைக் கையாளும் விதத்தை வைத்தே எழுதியவரின் அக்கறையை எடைபோடலாம் என்பது என் கருத்து. ஃபின்னி இதில் பெரிய ஆள். பழைய நோட்டு இன்றைய நோட்டைவிட ஒன்றரை மடங்கு பெரியது என்று சார்லி போகிற போக்கில் சொல்வான். அளந்து பார்த்தேன். 1929-க்கு முந்தைய நோட்டு ஏறத்தாழ 187 மில்லிமீட்டர் நீளம், 79 அகலம். அந்த ஆண்டு ஜூலையில் வந்த சிறிய நோட்டு, இன்றுவரை அதே அளவு, 156-க்கு 66. பரப்பளவைக் கணக்கிட்டால் 1.43 மடங்கு வருகிறது. மேசையில் இரண்டையும் அருகருகே வைத்தால் குமாஸ்தா ஏன் திரும்பித் தன் பணப்பெட்டியைப் பார்த்தார் என்பது உடனே புரிந்துவிடும்.

ஆனால் சார்லி வாங்கிய நோட்டுகளில் எனக்குக் கவலை இருக்கிறது. 1950-இல் நாணயக் கடையில் ‘பெரிய நோட்டு கொடுங்கள்’ என்று கேட்டிருந்தால் எவை கிடைத்திருக்கும்? கடைசியாகப் புழங்கியவைதான் அதிகம் மிஞ்சியிருக்கும். 1899 வரிசைக் கழுகு, 1901 வரிசைக் காட்டெருமை, 1914 வரிசை ஃபெடரல் ரிசர்வ் நோட்டு, 1923 வரிசை வாஷிங்டன். அளவெல்லாம் சரி. ஆனால் 1894 ஜன்னலில் இவற்றில் ஒன்றுகூடப் போகாது. ஃபெடரல் ரிசர்வ் என்ற அமைப்பே 1913-இல்தான் சட்டமானது. இன்றைக்கும் கடைக்காரர்கள் நீட்டும் பெரிய நோட்டுகளில் பெரும்பாலானவை 1899, 1923 வரிசைகள்தான். கதையின் முடிவில் சார்லியின் நண்பன் சாம் 800 டாலருக்குப் பழைய பணம் வாங்கிக்கொண்டு காணாமல் போகிறான். அதில் எத்தனை நோட்டு அங்கே செல்லுபடியாகியிருக்கும் என்று நான் மிகவும் யோசித்திருக்கிறேன். இந்தத் திட்டமே அந்த யோசனையில்தான் தொடங்கியது.

இனி கையெழுத்து விஷயம். இதற்காகத்தான் முக்கியமாக எழுத உட்கார்ந்தேன்.

நோட்டில் அச்சான வரிசை ஆண்டை நம்பி வாங்கக் கூடாது. அது வடிவமைப்பின் ஆண்டு. 1880 வரிசை என்று போட்ட நோட்டு அடுத்த நூற்றாண்டு பிறந்த பிறகும் அச்சாகியிருக்கிறது. காலத்தைச் சொல்பவை இரண்டு கையெழுத்துகள்: இடப்பக்கம் கருவூலப் பதிவாளர், வலப்பக்கம் பொருளாளர். இருவரும் ஒரே நேரத்தில் பதவியில் இருந்த காலம்தான் நமக்கான கால எல்லை.

மார்த்தா வாஷிங்டனின் 1891 வரிசையில் இரண்டே சேர்க்கைகள். எண் 222, ரோஸ்க்ரான்ஸ்–நெபேக்கர். எண் 223, டில்மன்–மோர்கன். 1894-இல் பதவியில் இருந்தவர்கள் டில்மனும் மோர்கனும். அதனால் பலரும் 223 போதும் என்பார்கள். எனக்கு அது ஒத்துவரவில்லை. அந்தச் சேர்க்கை 1893 நடுவில் தொடங்கி 1897 நடுவில்தான் முடிகிறது. சார்லி மூன்றாம் தளத்தில் பார்த்த ‘தி வேர்ல்ட்’ நாளிதழின் தேதி 1894 ஜூன் 11. டில்மன்–மோர்கன் நோட்டு அதற்கு முன்னே அச்சானதா, பின்னே அச்சானதா என்று கையெழுத்தை வைத்துச் சொல்ல வழியில்லை. நெபேக்கர் 1893-லேயே பதவியை விட்டுப் போய்விட்டார். 222 என்றால் ஐயமே வேண்டாம்.

இன்னொரு பொறியும் இருக்கிறது. 1896 வரிசை ஒரு டாலர், கலைநயத்துக்குப் பேர்போன ‘எஜுகேஷனல்’ நோட்டு. அதிலும் டில்மன்–மோர்கன் கையெழுத்து உண்டு. கையெழுத்து மட்டும் பார்த்து வாங்கினால் இரண்டு ஆண்டு பிந்திய நோட்டு பைக்குள் வந்து உட்கார்ந்துவிடும். எனவே வரிசை ஆண்டும் கையெழுத்தும் தனித்தனியாகத் தேற வேண்டும்.

தேய்ந்த நோட்டில் இதைப் படிப்பதுதான் பெரும்பாடு. கைப்பட்டுக் கைப்பட்டு முதலில் மங்குவது மெல்லிய கோடுகள்தான். பத்து மடங்கு லென்ஸ் கட்டாயம். அதைவிட முக்கியம் விளக்கின் கோணம்; நேர்மேலே இருந்து வெளிச்சம் விழுந்தால் மங்கிய மை மறைந்துவிடும், பக்கவாட்டில் தாழ்வாக வைத்தால் எழும்பித் தெரியும். பதிவாளர் பக்கம் ‘டபிள்யூ. எஸ்.’ என்று தொடங்கினால் ரோஸ்க்ரான்ஸ். டில்மன் ‘ஜே. ஃபவுண்ட் டில்மன்’ என்று நடுப்பெயரையும் சேர்த்தே எழுதுபவர், வரி நீளும். அந்தப் பக்கம் முழுக்க அழிந்திருந்தால் பொருளாளரைப் பாருங்கள். நெபேக்கரின் பெயருக்கு நடுவே ‘கே’ எழுத்தின் தண்டு உயர்ந்து நிற்கும். மோர்கன் என்றால் ‘ஜி’ எழுத்தின் வால் கோட்டுக்குக் கீழே இறங்கும். மேலே தண்டா, கீழே வாலா என்ற ஒரே கேள்வி. என் நோட்டில் ரோஸ்க்ரான்ஸின் பின்பாதி போய்விட்டது. நெபேக்கரின் தண்டு மட்டும் கம்பீரமாக நிற்கிறது. விற்றவர் படத்தை அனுப்பியபோதே அதைப் பார்த்து முடிவெடுத்துவிட்டேன்.

நோட்டின் அழகையும் சொல்லாமல் விட முடியாது. பின்பக்கத்தில் 1886 வரிசையில் இருந்த நெருக்கமான பச்சைப் பின்னல் இதில் குறைந்து வெற்றிடம் கூடியிருக்கிறது. அந்த வெள்ளையில் தாளுக்குள் பதிந்த பட்டு இழைகளைத் தேடிப் பிடிப்பதே தனி இன்பம். முன்பக்கத்தில் சிறிய சிவப்பு முத்திரை இன்னும் நிறம் மங்கவில்லை. முகமதிப்பைப்போல நூறு மடங்குக்கு மேல் கொடுத்தேன். சார்லி கொடுத்த ஒன்றரை மடங்கை நினைத்தால் வயிறு எரிகிறது.

ஐந்து டாலர் இன்னும் அமையவில்லை. 1880 வரிசை ‘மரவெட்டி’ நோட்டு, இடப்பக்கம் ஆண்ட்ரூ ஜாக்சன், நடுவில் குடியேறிக் குடும்பம், அதைத்தான் குறிவைத்திருந்தேன். ரோஸ்க்ரான்ஸ் கையெழுத்து வேண்டும் என்று தெளிவாக எழுதிக் கேட்டேன். வெளிநாட்டு விற்பனையாளர் ஒருவர் சரி என்று பணத்தை வாங்கிக்கொண்டு லயன்ஸ்–ராபர்ட்ஸ் கையெழுத்திட்ட நோட்டை அனுப்பிவைத்தார். அந்தச் சேர்க்கை 1898-இல்தான் தொடங்குகிறது. கேட்டால், வரிசை ஆண்டு 1880-தானே, என்ன குறை என்கிறார். கையெழுத்தைக் கேட்டு வாங்குபவனிடம் வரிசை ஆண்டைக் காட்டுவது என்ன வியாபாரம்? திருப்பி அனுப்பிவிட்டேன், தபால் செலவு என் தலையில். இனிமேல் இரண்டு கையெழுத்துகளையும் தனித்தனியே நெருக்கத்தில் படமெடுத்து அனுப்பாத எவரிடமும் வாங்கப் போவதில்லை.

மாற்று ஒன்று மனத்தில் இருக்கிறது. 1890 வரிசைக் கருவூல நோட்டு, ஐந்து டாலர், ஜெனரல் ஜார்ஜ் தாமஸ் படம். உள்நாட்டுப் போரில் 1863-இல் சிக்கமாகா தோல்விக்குப் பிறகு ரோஸ்க்ரான்ஸைப் படைத்தலைமையிலிருந்து நீக்கி அந்த இடத்தில் தாமஸைத்தான் அமர்த்தினார்கள். அதே ரோஸ்க்ரான்ஸ் பின்னாளில் கருவூலப் பதிவாளராகி, தாமஸின் முகம் பதித்த நோட்டில் கையெழுத்திட்டிருக்கிறார். இந்த ஒரு காரணத்துக்காகவே அது என் பையில் இருக்க வேண்டும். விலைதான் இப்போதைக்குக் கட்டுப்படியாகாது.

நாணயங்களில் சிக்கல் இல்லை, தேதி முகத்திலேயே இருக்கிறது. 1894 தேதியிட்டவற்றை நான் எடுப்பதில்லை. ஜூன் 11-க்குள் வெளிவந்ததா என்ற கேள்வியே எழக்கூடாது என்பதால் 1893-ஓடு நிறுத்திவிட்டேன். இண்டியன் ஹெட் சென்ட் மலிவாகக் கிடைக்கிறது. ‘வி’ நிக்கல் (ஐந்து சென்ட்) இருக்கிறது. பார்பர் டைம் (பத்து சென்ட்) 1892-இல் தொடங்குவதால் இரண்டே ஆண்டுகள்தான் நமக்கு. அதனால் அமர்ந்த லிபர்ட்டி உருவம் பொறித்த பழைய டைம்களையும் கலந்திருக்கிறேன். எந்தக் காலத்துச் சட்டைப்பையிலும் பல ஆண்டுச் சில்லறை கலந்துதானே கிடக்கும். 1894-இல் ஒரு டஜன் முட்டை 13 சென்ட் என்கிறான் சார்லி. அவன் கணக்குப்படி ஒரு டாலருக்கு ஏழு டஜன் வாங்கினால் மீதி 9 சென்ட்: ஒரு நிக்கல், நான்கு இண்டியன் ஹெட். அந்த ஐந்து காசுகளையும் தனி உறையில் வைத்திருக்கிறேன்.

மோர்கன் வெள்ளி டாலரைப் பற்றி (இந்த மோர்கன் பொருளாளர் அல்ல, நாணயத்தை வடிவமைத்தவர்) சார்லியிடம் யாராவது சொல்லியிருக்க வேண்டும். அமெரிக்கக் கருவூலம் 1964 வரை வெள்ளி டாலர்களை முகமதிப்புக்கே கொடுத்துக்கொண்டிருந்தது. 300 டாலரைக் கொடுத்தால் 300 வெள்ளி டாலர், ஒரு காசுகூட நட்டமில்லை. 1904-க்குப் பின் நின்று 1921-இல் மீண்டும் அடித்த மோர்கன்களையும் அதன்பின் வந்த பீஸ் டாலர்களையும் பொறுக்கித் தள்ளிவிட்டு, 1878 முதல் 1893 வரையானவற்றை வைத்துக்கொண்டால் 1894-இல் எந்த ஜன்னலிலும் செல்லும். ஒரே இடர் எடை. நாணயம் ஒன்று 26.73 கிராம்; 300 என்றால் எட்டு கிலோ. சாமின் 800 டாலருக்கு இருபத்தோரு கிலோவுக்கு மேல். தூக்கிக்கொண்டு கிராண்ட் சென்ட்ரலின் படிக்கட்டுகளில் இறங்க முடியாது என்று கிடையாது. ஊர் மாறிப் பிழைக்கப் போகிறவன் அதைச் சுமக்கத் தயாராக இருக்க வேண்டும். என் பையில் இரண்டு மோர்கன்கள் போட்டிருக்கிறேன். கையில் எடுத்தால் அந்தக் கனம் மனத்தை நிறைக்கிறது.

பை இன்னும் தைத்து முடியவில்லை. 187 மில்லிமீட்டர் நோட்டு மடியாமல் படுக்க வேண்டுமென்றால் உள்நீளம் 195-க்குக் குறையக் கூடாது. பெரியமேட்டுத் தோல் கடைகளில் மெல்லிய ஆட்டுத்தோல் துண்டுகள் நல்ல விலைக்குக் கிடைக்கின்றன. சாயம் போடாததாகக் கேட்டு வாங்குங்கள், சாயம் நோட்டில் இறங்கும். நோட்டுக்கு மைலார் (ஒளிபுகும் பாலியெஸ்டர் தாள்) உறை தவிர வேறெதுவும் கூடாது. ஓரத் தையலுக்கு மெழுகு பூசிய லினன் நூல் போதும். சில்லறை அறையின் மூடியில்தான் நின்றுகொண்டிருக்கிறேன், பித்தளைப் பிடிப்பான் எந்த வடிவில் இருக்க வேண்டும் என்று அக்காலப் பைகளின் படங்களைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

அதற்குள் 1955-க்கான சேகரிப்பையும் தொடங்கிவிட்டேன். ‘பேக் டு தி ஃப்யூச்சர்’ திரைப்படத்தின் இரண்டாம் பாகத்தில் காலயந்திரம் செய்த டாக் பிரவுன் ஒரு பெட்டியைத் திறப்பார். பல காலத்துப் பணம் பிரித்து அடுக்கியிருக்கும். அந்தப் பெட்டியை ஒரு காட்சிக்காகச் செய்தவர்களை நான் வணங்குகிறேன். 1955-இல் நோட்டின் அளவு காட்டிக்கொடுக்காது, வேறொன்று காட்டிக்கொடுக்கும். ‘கடவுளை நம்புகிறோம்’ என்ற வாசகம் காகித நோட்டில் 1957-இல்தான் முதன்முதலாக வந்தது. முதல் பாகத்தில் டாக்கின் இளம் நண்பன் மார்ட்டி 1955 நவம்பர் 5-இல் வந்து இறங்குகிறான். அவன் பையில் அந்த வாசகம் போட்ட நோட்டு இருக்கவே கூடாது. கென்னடி அரை டாலரும் கூடாது; அப்போது அவர் உயிரோடிருக்கும் செனட்டர். எனவே அந்த வாசகம் இல்லாத 1935, 1953 வரிசை சில்வர் சர்டிபிகேட், ஃபிராங்க்ளின் அரை டாலர், வெள்ளி ரூஸ்வெல்ட் டைம், கோதுமைக் கதிர் சென்ட். இவை எல்லாமே மலிவு, பள்ளிப் பிள்ளைகள்கூடத் தொடங்கலாம். கோதுமைக் கதிர் சென்ட்டை மட்டும் கிலோ கணக்கில் கலவையாக விற்கிறார்கள். 1956, 57, 58 தேதிகளைப் பொறுக்கி எடுத்துவிட்டுத்தான் சேர்க்க வேண்டும். அந்த வேலையை இந்த வாரமே தொடங்குகிறேன். ரோஸ்க்ரான்ஸ் கையெழுத்துள்ள மரவெட்டி நோட்டு யார் கண்ணிலாவது பட்டால், எந்தத் தேய்மானத்தில் இருந்தாலும் சரி, எனக்குச் சொல்லுங்கள்.