ரீஸ்டார்ட் கொடுப்பதற்கு முன்

குன்னூரில் இருந்துகொண்டு கோத்தகிரி பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலைகளின் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. எடை மெஷினிலிருந்து கணக்கை எடுத்து சர்வரில் போடுவதும், நாங்கள் வெளியிலிருந்து அந்த சர்வருக்குள் போகும் இணைய வழியான டனலைப் பிடித்து வைத்திருப்பதும் ஒரே டீமன் (பின்னணியில் எப்போதும் ஓடும் புரோகிராம்), நாங்களே பைத்தானில் எழுதியது.

ஒரு ஜூலை சாயங்காலம் அதன் செட்டிங்குகள் இருக்கும் கான்ஃபிக் ஃபைலில், இணைப்புக்கான போர்ட் எண்ணை மாற்றி ரீஸ்டார்ட் கொடுத்தேன். பழையது நின்றது, புதியது எழவில்லை, டனலும் போய்விட்டது. பூஜ்யம் வர வேண்டிய இடத்தில் ஆங்கில ஓ எழுத்து. மறுநாள் முதல் பஸ் பிடித்து, மூடுபனியில் ஊர்ந்து போய்ச் சேர்ந்தபோது, எடை போடும் அண்ணன் ஒரு நோட்டை நீட்டினார். "தம்பி, ராத்திரி வந்த இலையெல்லாம் இதுல எழுதியிருக்கேன், பாருங்க." ஈரக்கை பட்டு நாலைந்து வரிகளில் மை கரைந்திருந்தது. அது சிறு விவசாயிகளின் பசுந்தேயிலைக் காசு. அந்தப் பக்கத்தை என்னால் மறக்க முடியவில்லை.

வெப் சர்வரான என்ஜின்எக்ஸிலும், ரிமோட் லாகினுக்கான எஸ்எஸ்ஹெச்டியிலும் 'மைனஸ் டி' (-t) கொடுத்தால் சர்வீஸைத் தொடாமல் ஃபைலை மட்டும் படித்துச் சொல்லிவிடும். அதே மாதிரி 'செக்' என்று ஒரு ஆப்ஷன் சேர்த்தேன். முதலில் தனி ஸ்கிரிப்டாக எழுதியதுதான் தப்பு: டீமனில் புதிதாக ஒரு செட்டிங் வந்தது, ஸ்கிரிப்டுக்கு அது தெரியாது, ஓகே என்றது, டீமன் விழுந்தது. அப்புறம்தான் ஃபைலைப் படிக்கும் பகுதியை ஒரே ஃபங்ஷனாகப் பிரித்து டீமனுக்கும் செக்குக்கும் அதையே கொடுத்தேன். செக் என்றால் போர்ட்டைத் திறப்பதற்கு முன் நின்றுவிடும், இருக்கிற எல்லாத் தப்பையும் வரி எண்ணோடு காட்டும், தப்பு இருந்தால் முடியும்போது தரும் எண்ணான எக்ஸிட் கோட் 1, இல்லாவிட்டால் 0.

அதை, லினக்ஸில் சர்வீஸ்களைத் தொடங்கி நிறுத்தும் சிஸ்டம்டியின் 'எக்ஸெக்ஸ்டார்ட்ப்ரீ' (தொடங்குவதற்கு முன் ஓட வேண்டியது) வரியில் போட்டால் போதும் என்றுதான் நானும் நினைத்தேன். போதாது. ரீஸ்டார்ட் கொடுத்தால் சிஸ்டம்டி பழையதை முதலில் நிறுத்திவிட்டுத்தான் அந்த வரிக்கே வரும், அதற்குள் டனல் போயிருக்கும். அதனால் மாற்றத்தைப் போடும் எங்கள் ஸ்கிரிப்ட் முதலில் செக்கை ஓட்டி, 0 வந்தால் மட்டும்தான் ரீஸ்டார்ட் கொடுக்கும்.

போன வாரம் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒரு மாற்றம் அனுப்பினான். "அண்ணா, 41-ஆம் வரி தப்புன்னு சொல்லி நின்னுடுச்சு" என்றான். அந்த நேரம் தொழிற்சாலையில் எடை ஓடிக்கொண்டுதான் இருந்தது.