மூணாங்கட்டிலிருந்து பார்த்தால் ஆகார்

எங்கள் அப்பத்தா தேவகோட்டையில் ஒரு செட்டியார் வீட்டில் சமையலுக்கு இருந்தவர். கொல்லை வாசல் வழியாகத்தான் மூணாங்கட்டுக்குள், அதாவது வீட்டின் பின்பக்கச் சமையல்கட்டுக்குள் போவார். முகப்புத் தூண்களைத் துடைக்க மட்டுமே தொட்டிருக்கிறார். அதனால்தானோ என்னவோ, விவிலியத்தின் முதல் நூலான தொடக்கநூலை எடுத்தாலே என் கண் ஆபிரகாமையும் சாராவையும் தாண்டி ஆகாரிடம் போய் நிற்கும்.

எகிப்துக்காரி. சாராவின் அடிமை. பிள்ளையில்லாத எஜமானி அவளைத் தன் கணவனிடம் கொடுக்கிறாள். அவளிடம் சம்மதம் கேட்டதாக ஒரு வரிகூட இல்லை. சாரா "என் பணிப்பெண்" என்கிறாள், ஆபிரகாம் "உன் பணிப்பெண்" என்கிறார். கொடுமை தாங்காமல் வயிற்றுப்பிள்ளையோடு பாலைக்கு ஓடியபின், ஊற்றருகே வந்த தூதர்தான் முதன்முதலில் "ஆகார்" என்று பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். அவளோ கடவுளுக்கே பெயர் வைக்கிறாள்: என்னைக் காண்கிற இறைவன். அந்தத் துணிவு வேறு யாருக்கு வந்தது!

யூதர்கள் தங்கள் புத்தாண்டின் முதல் நாளில் தொழுகைக்கூடத்தில் வாசிப்பது தொடக்கநூல் 21ஆம் அதிகாரம். அப்பமும் தண்ணீர்த் தோல்பையுமாக அவளும் மகனும் வெளியே அனுப்பப்படுகிற இடம் அதில்தான் வருகிறது.

இஸ்லாமியர்கள் ஆகாரை ஹாஜரா என்பார்கள். எங்கள் தெரு ராவுத்தர் வீட்டு அக்கா மக்காவுக்கு உம்ரா பயணம் போய்வந்து, "ஹாஜரா அம்மா ஓடுன எடத்துலதான் நாங்களும் நடந்தோம் தாயி" என்றார். குர்ஆனில் அவர் பெயர் இல்லை. பயிர் விளையாத பள்ளத்தாக்கில் என் சந்ததியைக் குடியமர்த்தினேன் என்ற இப்ராஹீம் நபியின், அதாவது ஆபிரகாமின் வேண்டுதல்தான் இருக்கிறது. முழுக்கதை நபிமொழித் தொகுப்பான ஹதீஸில். தங்களை அங்கே விட்டுப்போகிறவரிடம் ஹாஜரா, "இது அல்லாஹ்வின் கட்டளையா?" என்று கேட்கிறார். ஆம் என்றதும், "அப்படியானால் அவன் எங்களைக் கைவிடமாட்டான்." பிறகு சஃபா, மர்வா என்ற இரண்டு குன்றுகளுக்கு இடையே ஏழு தடவை தண்ணீர் தேடி ஓடுகிறார். கூட்டினால் ஏறத்தாழ 3 கிலோமீட்டர். இன்று அந்தப் பாதையில் பச்சை விளக்குகள் குறிக்கிற இடத்தில் ஆண்கள் ஓடுகிறார்கள், பெண்கள் நடக்கிறார்கள். ஒரு வேலைக்காரப் பெண்ணின் ஓட்டம் அத்தனை பேருக்கும் வழிபாடாகிவிட்டது!

எங்கள் கத்தோலிக்க ஞாயிறு வாசகங்களில் ஆகார் வருவதே இல்லை. வாரநாள் பூசைக்கு வருகிறவர்கள்தான் கேட்கலாம். புதிய ஏற்பாட்டின் கலாத்தியர் மடலில் திருத்தூதர் பவுல் அவளை அடிமைத்தனத்தின் உருவகமாக்கினார். அவர் வாதம் புரிகிறது, ஆனாலும் மனசு ஆறவில்லை.

சாரா இறந்தபின் ஆபிரகாம் மணந்த கெற்றூரா ஆகார்தான் என்று யூத ரபிகளிடம் ஒரு விளக்கம் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை; தோல்பையோடு அனுப்பியவரிடம் அவள் ஏன் திரும்ப வேண்டும்? 21ஆம் அதிகாரம் சொல்வதே எனக்குப் போதும்: மகனுக்கு எகிப்திலிருந்து பெண்ணெடுத்தவள் ஆகார். அடிமையாய் விட்டுவந்த நாட்டுக்குச் சம்பந்தியானாள்.